பெரிய வரலாற்றுப் போர்ப் பலகை விளையாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு போர் விளையாட்டைப் ‘பெரியது’ என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

முதலில் மேசையை வைத்து. ஒரே ஒரு வரைபடத் தாள், இருநூறு அட்டைக் காய்கள், ஒரு மாலைப்பொழுது என்று அடங்கிவிடும் விளையாட்டு சாதாரண அளவு. பல வரைபடங்களை ஒட்டி விரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட காய்களைப் பரப்பி, வாரக்கணக்கில் கலைக்காமல் வைத்திருந்து ஆட வேண்டியதை ஆட்டக்காரர்கள் ‘மான்ஸ்டர்’ என்கிறார்கள். அமெரிக்காவின் எஸ்பிஐ நிறுவனம் 1976இல் வெளியிட்ட ‘வார் இன் யூரோப்’ ஒன்பது வரைபடங்களும் 3,600 காய்களும் கொண்டது. அளவைப் புரிந்துகொள்ள அந்த ஒன்று போதும்.

விதிகள் மட்டும் பெரிதாக இருப்பது வேறு வகை. 1985இல் வந்த ‘அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்’ விதிப்புத்தகத்தின் பருமன் பலரைப் பயமுறுத்தியிருக்கிறது. ஆனாலும் அதன் ஓர் ஆட்டம் ஒரே நாளில் முடியும். இங்கே பேசுவது இடத்தையும் காலத்தையும் சேர்த்து விழுங்கும் விளையாட்டுகளைப் பற்றி.

இந்த வகை எப்போது தொடங்கியது?

சார்லஸ் ராபர்ட்ஸ் 1954இல் ‘டாக்டிக்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டதிலிருந்து வணிகப் போர் விளையாட்டின் கதையைச் சொல்வது வழக்கம். அவர் தொடங்கிய அவலான் ஹில் நிறுவனம் 1958இல் ‘கெட்டிஸ்பர்க்’கைக் கொண்டுவந்தது. அறுகோணக் கட்டங்கள் அறுபதுகளின் தொடக்கத்தில் நிலைபெற்றன. அடுத்த பத்தாண்டில் அளவு வெடித்துப் பெருகியது. 1973இல் ஜிடிடபிள்யூ என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட ‘டிராங் நாக் ஆஸ்டன்’ ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்ததை டிவிஷன் டிவிஷனாக, அதாவது பெரிய படைப்பிரிவு வாரியாகக் காட்டியது. அதையே முதல் மான்ஸ்டர் என்று பலரும் கருதுகிறார்கள். எஸ்பிஐ அதே வழியில் ‘வார் இன் தி ஈஸ்ட்’, ‘டெரிபிள் ஸ்விஃப்ட் சோர்டு’, ‘வாக்ட் ஆம் ரைன்’ என்று ஒன்றன்பின் ஒன்றாக இறக்கியது. 1982இல் அந்த நிறுவனம் டிஎஸ்ஆர் என்ற இன்னொரு விளையாட்டு நிறுவனத்தின் கைக்குப் போனாலும் வகை அழியவில்லை. டீன் எஸ்ஸிக் உருவாக்கிய ‘ஆபரேஷனல் காம்பாட் சீரிஸ்’ 1992 முதல் இன்றுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது.

சிறிய விளையாட்டில் கிடைக்காத எதைப் பெரியது தருகிறது?

தூரத்தை. என்னைக் கேட்டால் இந்த ஒரு சொல்லில் பாதி விடை இருக்கிறது.

வட ஆப்பிரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். லிபியாவின் திரிப்போலித் துறைமுகத்திலிருந்து எகிப்தின் எல் அலமேன் வரை சாலை வழியே சுமார் 2,000 கிலோமீட்டர். சிறிய விளையாட்டில் அது பத்துப் பதினைந்து கட்டம்; ஜெர்மன் தளபதி ரோமலின் டாங்கிகள் இரண்டு மூன்று சுற்றில் கடந்துவிடும். பெரிய வரைபடத்தில் நீங்கள் லாரிகளை நகர்த்துகிறீர்கள். எரிபொருள் சுமந்து போகும் லாரியே எரிபொருளைக் குடிக்கிறது. வழியிலுள்ள டோப்ருக் துறைமுகத்தைப் பிடித்தாலொழிய முன்னே போக முடியாது என்பதும், பிடித்த பிறகும் போதாது என்பதும் புத்தகத்தில் படிக்கும்போது வெறும் தகவல். மேசையில் நீங்களே பங்கிட்டு அனுப்பிய பெட்ரோல் தீர்ந்து, உங்கள் மிகச் சிறந்த படைப்பிரிவு பாலைவனத்தின் நடுவில் அசையாமல் நிற்கும்போது அது வேறு விதமாகப் புரிகிறது.

கிழக்குப் போர்முனையில் தண்டவாளம் இந்த வேலையைச் செய்கிறது. சோவியத் ரயில் பாதையின் அகலம் அப்போது 1,524 மில்லிமீட்டர், ஜெர்மன் பாதையின் அகலம் 1,435. வெறும் 89 மில்லிமீட்டர் வித்தியாசம். அதற்காகக் கைப்பற்றிய பாதை ஒவ்வொன்றையும் மாற்றிப் போட வேண்டியிருந்தது. பல பெரிய விளையாட்டுகளில் இதற்கென்றே தனிக் காய்கள் உண்டு. சுற்றுக்குச் சில கட்டங்கள் வீதம் அவை ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே டாங்கிப் படைகளை ஸ்மோலென்ஸ்க் பக்கம் ஓட விடுவீர்கள். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஒவ்வொரு சுற்றும் பெரிதாகிறது. மாஸ்கோ ஏன் எட்டாமல் போனது என்ற கேள்வியை, பனியை மட்டும் காரணம் காட்டி முடித்துவைக்கும் பழக்கம் அதற்குப் பிறகு போய்விடும்.

இரண்டாவது, காலம். சிறிய விளையாட்டில் செய்த பிழை அடுத்த சுற்றிலேயே தெரிந்துவிடும். பெரியதில் ஜூன் மாதம், பின்னால் ஒதுக்கி வைத்த ஒரு ரிசர்வ் படையைத் தெற்கே அனுப்பியதன் விளைவு அக்டோபரில்தான் தெரியும். நடுவில் நிஜ வாழ்வில் பல வாரங்கள் போயிருக்கும். அந்தக் காத்திருப்பை வேறு எந்தப் பொழுதுபோக்கும் எனக்குத் தந்ததில்லை.

பலர் சேர்ந்து ஆடுவதில் என்ன பயன்?

வேலைப் பளு பிரிகிறது என்பது வெளிப்படையான பயன். அதைவிட முக்கியமானது, படையின் உள்முரண்கள் மேசைக்கு வந்துவிடுகின்றன. வடக்குப் படைக்கு ஒருவர், தெற்குப் படைக்கு ஒருவர், இருவருக்கும் மேலே ஒருவர் என்று உட்கார்ந்ததும் எல்லோரும் அதே பீரங்கிக் குண்டுகளுக்குப் போட்டியிடத் தொடங்குவார்கள். யாரும் நடிக்க வேண்டியதே இல்லை, அவரவர் முனைதான் முக்கியம் என்று அவரவர் உண்மையாகவே நம்புவார்கள். 1979இல் வந்த ‘தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா’ இதை எல்லைவரை கொண்டுபோனது. பக்கத்துக்கு ஐந்து பேர்: தலைமைத் தளபதி, முன்வரிசைத் தளபதி, விமானப் படைக்கு ஒருவர், பின்தளத்துக்கு ஒருவர், தளவாடங்களுக்கு ஒருவர்.

நெப்போலியன் காலத்து ‘எம்பயர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ வேறு மாதிரி. ஏழு பேர், ஏழு வல்லரசுகள், 1805 முதல் 1815 வரை. அங்கே போரைவிடப் பேச்சுவார்த்தைக்கே அதிக நேரம் போகும். ஆஸ்திரியாவை ஆடுபவர் தோற்ற கையோடு பிரான்சுடன் சமாதானம் செய்துகொண்டு, அடுத்த ஆண்டு வஞ்சம் தீர்க்கக் காத்திருப்பார். அந்தப் பத்தாண்டுகளில் கூட்டணிகள் ஏன் அவ்வளவு வேகமாக உடைந்தன என்பதை நன்றாகக் காட்டும் விளையாட்டு.

சரி, மிகப் பெரிய பலவீனம் எது?

முடிவதில்லை. இதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். ‘தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா’வை முழுதாக ஆட சுமார் 1,500 மணி நேரம் ஆகும் என்ற கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. வாரம் ஆறு மணி நேரம் கூடி ஆடினால் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். பத்துப் பேரை ஐந்து ஆண்டுகள் ஒரே அறையில் கூட்டுவது எந்தத் தளபதிக்கும் சவாலான காரியம்.

நேரம் அதிகம் என்பதோடு குறை நின்றுவிடுவதில்லை. யாரும் கவனிக்காத இன்னொரு விளைவு இருக்கிறது: ஆடுபவர்களால் முடிக்க முடியாததை உருவாக்கியவர்களாலும் முடிக்க முடியாது. சிறிய விளையாட்டை வெளியிடுவதற்கு முன் நூறு முறை ஆடிச் சோதித்து, எந்தப் பக்கம் கனத்திருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்தலாம். ஐநூறு மணி நேர விளையாட்டை எத்தனை முறை சோதிப்பது? அந்த வட ஆப்பிரிக்க விளையாட்டு முழுச் சோதனை முடியாமலே வெளியானது என்பதை அதன் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் பெர்க் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதனால் பல மான்ஸ்டர்களில் முதல் கால்பகுதி கச்சிதமாக இருக்கும், நடுப்பகுதி சுமாராக இருக்கும், கடைசிப் பகுதிக்கு யாருமே உத்தரவாதம் தர முடியாது. 1941ஐ அருமையாகக் காட்டும் விளையாட்டு 1944இல் தள்ளாடுவதை ஆட்டக்காரர்களே ஏழெட்டு ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடித்து, திருத்த விதிகள் எழுதி அனுப்புவார்கள். வாங்குவதற்கு முன் எத்தனை திருத்தங்கள் வந்திருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருத்தங்கள் நிறைய இருந்தால் பயப்பட வேண்டாம், அதைக் கடைசிவரை ஆடியவர்கள் இருக்கிறார்கள் என்று பொருள்.

விவரம் கூடினால் துல்லியமும் கூடுமா?

கூடாது. இந்த வகையின் ரசிகர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

எல்லோரும் சொல்லும் உதாரணம் பாஸ்தா விதி. அதே வட ஆப்பிரிக்க விளையாட்டில் இத்தாலியப் படைகளுக்குப் பாஸ்தா வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் தர வேண்டும். பல ஆண்டுகள் ஆட்டக்காரர்கள் இதைத் துல்லியத்தின் உச்சம் என்று கொண்டாடினார்கள். அது வேடிக்கைக்காகச் சேர்த்த விதி என்று பெர்க் பிறகு சொல்லிவிட்டார். அதே விளையாட்டில் எரிபொருள் கசிந்து வீணாகும் விதியும் உண்டு, தொடக்க காலத்தில் பிரிட்டிஷ் படைக்கு இழப்பு அதிகம். இது வேடிக்கை இல்லை. பிரிட்டிஷாரின் மெல்லிய தகர டின்கள் உண்மையிலேயே ஒழுகின. ஜெர்மானியரின் உறுதியான ஜெர்ரி கேன்களைக் கைப்பற்றி அவர்கள் ஆசையாகப் பயன்படுத்தினார்கள். அந்த விதி போரைப் பற்றி ஏதோ சொல்கிறது, பாஸ்தா விதி எதுவும் சொல்வதில்லை. ஆனால் ஆடுபவருக்கு இரண்டும் ஒரே அளவு கணக்குப் போடும் வேலை.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. ஒரு படைக்குழுவின் தளபதி ஒவ்வொரு பட்டாலியனையும் தானே நகர்த்தியதில்லை. ஆணையிட்டுவிட்டு, அது நடந்ததா இல்லையா என்று தெரியாமல் காத்திருந்தார். பெரிய விளையாட்டு உங்களைத் தளபதியாகவும் மேஜராகவும் லாரி ஓட்டுநராகவும் ஒரே நேரத்தில் ஆக்குகிறது. எதிரியின் ஒவ்வொரு காயும் வரைபடத்தில் தெரிகிறது. சிறிய விளையாட்டுகள் இதை நேர்த்தியாகச் சமாளித்திருக்கின்றன. 1972இல் வந்த ‘கியூபெக் 1759’ மரக் கட்டைகளை நிறுத்தி வைத்து, எதிராளிக்கு முதுகை மட்டும் காட்டியது. அந்த எளிய ஏற்பாடு தரும் பதற்றத்தை ஆயிரம் காய்கள் தருவதில்லை.

நடந்தது தெரிந்த பிறகு ஆடுவதில் என்ன அர்த்தம்?

நியாயமான கேள்வி. 1942 நவம்பர் 19 அன்று டான் நதிக்கரையில், ஜெர்மனியின் கூட்டாளியான ருமேனியாவின் மூன்றாம் படை மீது சோவியத் தாக்குதல் தொடங்கும் என்பது ஜெர்மனியை ஆடும் எவருக்கும் தெரியும். ஆகவே யாரும் அங்கே பலவீனமாக நிற்க மாட்டார்கள். ஸ்டாலின்கிராட்டில் ஜெர்மன் படை வளைக்கப்பட்டது மேசையில் அபூர்வமாகவே அதே வடிவில் நிகழும்.

வடிவமைப்பாளர்கள் இதைப் பல வகையில் எதிர்கொள்கிறார்கள். சிலர் கைகளைக் கட்டும் விதி போடுகிறார்கள்: இந்தத் தேதிவரை பின்வாங்கக் கூடாது, இந்த நகரத்தைப் பிடித்தே ஆக வேண்டும் என்று. எனக்கு அது பிடிப்பதில்லை. வரலாற்றை விளக்குவதற்குப் பதில் மனப்பாடம் செய்ய வைக்கிறது. எஸ்ஸிக்கின் தொடரில் இருக்கும் தீர்வு மேலானது. ஒவ்வொரு சுற்றும் யார் முதலில் ஆடுவது என்பதைப் பகடை முடிவு செய்யும். போன சுற்றில் இரண்டாவதாக ஆடியவர் இந்தச் சுற்றில் முதலாவதாக வந்தால் தொடர்ந்து இருமுறை ஆடுவார். அந்தச் சாத்தியம் ஒன்று போதும், முன்கூட்டியே எல்லாம் தெரிந்தவரும் ரிசர்வ் வைக்காமல் தூங்க முடியாது. தேதிகள் தெரிந்திருந்தும் எதிர்காலம் தெரியாமல் போகிறது.

பகடை அதிர்ஷ்டம் இவ்வளவு நேர உழைப்பை வீணாக்காதா?

பெரிய விளையாட்டில் அதற்கு வாய்ப்புக் குறைவு. நூற்றுக்கணக்கான மோதல்களில் நல்ல எண்ணும் கெட்ட எண்ணும் சமன்பட்டுவிடும். கவனிக்க வேண்டியது தனித்து நிற்கும் பகடைகளைத்தான், குறிப்பாக வானிலையை. கிழக்குப் போர்முனையில் சேறு இரண்டு வாரம் முந்தி வருவதா பிந்தி வருவதா என்பதை ஒரே உருட்டு தீர்மானித்தால், அதன் கனம் இருநூறு சண்டைகளுக்குச் சமம்.

தோற்கப் போகும் பக்கத்தை யார் விரும்பி ஆடுவார்கள்?

நல்ல விளையாட்டில் பலர் விரும்புவார்கள். வெற்றி என்பதை ‘போரை வென்றாயா’ என்று அளக்காமல் ‘வரலாற்றில் நடந்ததைவிட நன்றாகச் செய்தாயா’ என்று அளந்தால் போதும். 1941 கோடையில் சோவியத் பக்கத்தை ஆடுவது கடினமான, மிகவும் நிறைவு தரும் வேலை. எந்த நகரத்தை விடுவது, எந்த ஆற்றங்கரையில் எந்தப் படையைப் பலியிட்டு மூன்று நாட்களைச் சம்பாதிப்பது என்று ஒவ்வொன்றும் எடை போட வேண்டிய முடிவு. முன்னேறுகிற பக்கத்துக்கே அந்தக் கட்டத்தில் யோசிக்கக் குறைவாக இருக்கும்.

ஆனால் 1944 ஜெர்மனிபோல் மாதக்கணக்கில் பின்வாங்கிக்கொண்டே இருக்கும் பக்கத்துக்குப் பொறுமையான ஆள் தேவை. ஆட்டம் தொடங்கும் முன்பே பக்கம் மாற்றிக்கொள்ளும் தேதியைப் பேசிவைப்பது நல்லது.

மக்களின் துயரம் இந்த வரைபடங்களில் எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் இல்லை. இந்த வகையின் மீது எனக்கு இருக்கும் மிகக் கடுமையான விமர்சனம் இது.

கிழக்குப் போர்முனை விளையாட்டில் மிக இனிமையான நகர்வு சுற்றி வளைப்பு. இரண்டு டாங்கிக் கரங்கள் எதிரிப் படையின் பின்னால் சந்திக்கும். உள்ளே சிக்கிய காய்கள் சப்ளை இழந்து மொத்தமாக எடுக்கப்படும். 1941 செப்டம்பரில் கீவ் வளைப்பில் 6 லட்சத்துக்கும் அதிகமானோரைச் சிறைப்பிடித்ததாக ஜெர்மன் தரப்பு கணக்குச் சொன்னது. போர் முழுவதிலும் ஜெர்மன் சிறையில் மாண்ட சோவியத் போர்க்கைதிகள் ஏறத்தாழ 30 லட்சம் பேர். பட்டினியும் குளிரும் சுட்டுக்கொலையும் காரணம். மேசையில் அந்தக் காய்கள் ஒரு தட்டுக்குப் போகின்றன, கதை அங்கே முடிகிறது. லெனின்கிராட் 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை முற்றுகையில் கிடந்தது. பொதுமக்கள் லட்சக்கணக்கில் பட்டினியால் இறந்தார்கள். வரைபடத்தில் அது ஓரிரு கட்டங்கள், சில வெற்றிப் புள்ளிகள். ஹிட்லரின் நாஜிக் கட்சியின் ஆயுதப் பிரிவான எஸ்எஸ் படைகளின் காய்களைக் கம்பீரமான கறுப்பில் அச்சிடும் பழக்கமும் இருக்கிறது. பல விளையாட்டுகளில் அந்தக் காய்கள்தாம் கண்ணைப் பறிக்கின்றன. அந்த அமைப்பு செய்த கொலைகளைப் பற்றி விதிப்புத்தகத்தில் ஒரு வரியும் இருக்காது.

படுகொலையை விதியாக்கி ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது இன்னும் கேவலமாகப் போகும். ஆனால் நூறு பக்க விதிப்புத்தகத்தில் ரயில் பாதைக்கு நான்கு பக்கம் ஒதுக்குகிறவர்கள், அந்த ரயில்கள் வேறு எதைச் சுமந்தன என்பதற்கு வரலாற்றுக் குறிப்பில் ஒரு பக்கம் ஒதுக்கலாம். ஆடுகிறவர்களும் அந்த ஆண்டுகளைப் பற்றிய நல்ல வரலாறு ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துப் படிப்பது அவசியம். அளவில் பெரிய விளையாட்டு எல்லாவற்றையும் காட்டிவிட்டது என்ற எண்ணத்தை எளிதாக உண்டாக்கும். சிறிய விளையாட்டுக்கு அந்த ஆபத்துக் குறைவு.

கணினி இருக்கும்போது கையால் ஏன்?

கேரி கிரிக்ஸ்பியின் ‘வார் இன் தி ஈஸ்ட்’ போன்ற கணினி விளையாட்டுகள் கணக்கு முழுவதையும் தாமே பார்த்துக்கொள்கின்றன, எதிரியையும் மறைக்கின்றன. நேரம் குறைவானவர்களுக்கு அவை போதும். பலகையில் கிடைப்பது வேறு: விதிகளை இயக்குவது நீங்களே. ஒரு தாக்குதல் ஏன் தோற்றது என்று கேட்டால் விடை கண்முன்னே இருக்கும். சப்ளை பாதி, ஆற்றைக் கடந்த தாக்குதல், பகடையில் நான்கு. இந்தப் போர் இப்படித்தான் இயங்கியது என்று வடிவமைப்பாளர் முன்வைக்கும் வாதத்தை வரிவரியாகப் பார்த்து, ஏற்கவோ மறுக்கவோ முடிகிறது.

இரண்டுக்கும் நடுவே ‘வாசல்’ (Vassal) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது வரைபடத்தையும் காய்களையும் திரையில் தரும், விதிகளை இயக்குவது உங்கள் பொறுப்பாகவே இருக்கும். மேசை இடம், தூசு, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் ஆட்டக்காரர்கள் என்ற மூன்று சிக்கலும் தீர்ந்துவிடும். பெரிய விளையாட்டுகள் இன்றும் ஆடப்படுவதற்கு இது முக்கியக் காரணம். ஒரு குறை, திரையில் முழு முனையையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது.

தனியாக ஆடலாமா?

தாராளமாக. உண்மையில் இந்த விளையாட்டுகள் பெரும்பாலும் தனியாகத்தான் ஆடப்படுகின்றன. இரு பக்கத்துக்கும் நேர்மையாக யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். சீட்டுகளை மறைத்து ஆடும் விளையாட்டுகளில் இது கடினம். எல்லாம் வெளிப்படையாக இருக்கும் பழைய பாணி மான்ஸ்டர்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

மேசையும் காய்களும்?

வரைபடத்தின் மேல் அக்ரிலிக் தகடு போடுங்கள், மடிப்புகள் படியும். உயரமான அடுக்குகளைக் கையாள இடுக்கி வேண்டும். காய்களைப் படைப்பிரிவு வாரியாக அறைத்தட்டுகளில் பிரித்து வைக்காவிட்டால் முதல் நாள் முழுக்க அடுக்குவதிலேயே போகும். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் முழு வரைபடத்தையும் படமெடுத்து வையுங்கள்.

எப்போது சிறியதே மேல்?

போரின் அரசியலும் முடிவெடுக்கும் அழுத்தமும்தான் உங்களுக்கு வேண்டியது என்றால். முதல் உலகப் போரைப் பற்றிய ‘பாத்ஸ் ஆஃப் குளோரி’ 1999இல் வந்தது. ஒரே சீட்டைத் தாக்குதலுக்கோ, இழப்பை ஈடுகட்டவோ, படைகளை ரயிலில் இடம் மாற்றவோ, ஒரு வரலாற்று நிகழ்வுக்கோ பயன்படுத்தலாம், நான்கில் ஒன்றுதான். எல்லா முனையிலும் பற்றாக்குறை என்ற அந்தப் போரின் நிலையை ஒரே நாளில் உணர்த்திவிடுகிறது. ஒரு பெரிய விளையாட்டைப் பார்க்கும்போது நான் கேட்டுப்பார்ப்பது இதைத்தான்: வரைபடங்களைப் பாதியாக்கினால் இது சொல்ல வந்த விஷயம் கெடுமா? வட ஆப்பிரிக்காவில் கெடும். இரண்டு நாள் நடந்த ஒரு நகரச் சண்டைக்கு எட்டு வரைபடம் என்றால் அநேகமாகக் கெடாது.

முதல் முறை ஆடுபவர் எதில் தொடங்குவது?

பெட்டியில் இருக்கும் மிகச் சிறிய சினாரியோவில். போரின் ஒரு துண்டை மட்டும் ஒரே வரைபடத்தில் சில சுற்றுகளுக்கு ஆட வைக்கும் ஏற்பாடு அது. தொடர் விளையாட்டுகளில் அடிப்படை விதிகள் பொதுவாக இருக்கும். ஆகவே எஸ்ஸிக்கின் தொடரில் ஒரு சிறிய பெட்டியை ஆடிவிட்டு, அதே தொடரின் ‘கேஸ் புளூ’ போன்ற ராட்சதப் பெட்டிக்குப் போனால் பாதி விதி ஏற்கெனவே கைவந்திருக்கும். முதல் ஆட்டத்தில் விமானப் படை விதிகளை விட்டுவிடலாம். சப்ளை விதிகளை ஒருபோதும் விடாதீர்கள். அதை விட்டால் பெரிய வரைபடம் எதற்கு என்றே புரியாது.

ஆட்டம் பாதியில் நின்றுவிட்டால்?

நிற்கும், தயங்காமல் நிறுத்துங்கள். எடுத்து வைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, இரு பக்கமும் அடுத்த இரண்டு மாதங்களுக்கு என்ன திட்டம் வைத்திருந்தது என்று வரைபடத்தைக் காட்டிப் பேசுங்கள். எதிராளி எந்தத் தாக்குதலுக்குப் பயந்து ரிசர்வை அங்கே வைத்திருந்தார், நீங்கள் நினைத்தே பார்க்காத எந்த ஓட்டை உங்கள் வரிசையில் அவருக்குத் தெரிந்தது என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவரும். வெற்றிப் புள்ளிகளை எண்ண வேண்டியதில்லை.